கட்டளைகளை ஓய்வுக்கு அனுப்புதல்: கமாண்ட்-லைன் கருவி பராமரிப்போருக்கு முழு வழிகாட்டி

கோப்புகளில் சொல் தேட உதவும் ஈக்ரெப், எஃப்கிரெப் ஆகிய இரண்டு கட்டளைகளையும் வழக்கொழிந்தவை என்று க்னூ கிரெப் திட்டம் 2007-லேயே அறிவித்துவிட்டது. அறிவிப்பு ஆவணத்தில் இருந்தது, கட்டளைகள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தன. 15 ஆண்டு கழித்து, 2022 செப்டம்பரில் வந்த கிரெப் 3.8 பதிப்புதான் முதன்முதலாக ஒரு வரி எச்சரிக்கையைத் திரையில் காட்டியது: ஈக்ரெப் வேண்டாம், கிரெப்பையே பெரிய ஈ ஃபிளாக்கோடு அழையுங்கள் என்று. அந்த ஒரு வரிக்கே பல இடங்களில் வேலை நின்றது. எரர் பக்கம் (பிழைச் செய்திகளுக்கான தனி வெளியீடு) எதுவும் வரக்கூடாது என்று சரிபார்க்கும் சோதனைகள் தோற்றன. பழைய பில்டு ஸ்கிரிப்டுகள் அதே வரியைப் பக்கம் பக்கமாகக் கொட்டின. சில லினக்ஸ் வினியோகங்கள் அந்த எச்சரிக்கையை வெட்டிய பிறகே கிரெப்பைத் தங்கள் பயனர்களுக்குக் கொடுத்தன.

15 ஆண்டு அவகாசம் கொடுத்தும் இப்படி ஆனதற்குக் காரணம் எளிது. கட்டளையை அழைப்பது பெரும்பாலும் மனிதர் இல்லை, ஸ்கிரிப்ட். ஸ்கிரிப்ட் ஆவணம் படிக்காது. அதை எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். அதனால் ஒரு கட்டளையை ஓய்வுக்கு அனுப்புவது என்றால் கோடை நீக்குவது மட்டுமல்ல. அந்த ஸ்கிரிப்டுக்கு இன்று பொறுப்பானவர் யாரோ, அவர் கையில், அது உடைவதற்கு முன்பே, சரிசெய்யும் வழியையும் சேர்த்துக் கொடுப்பதுதான் வேலை. கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

விளக்குவதற்கு ஒரு மாதிரிக் கருவியை வைத்துக்கொள்வோம். பெயர் ‘கிடங்கு’. சர்வரில் உள்ள கோப்புகளைக் காப்பு எடுக்கும் கருவி. அதன் பழைய கட்டளை ‘கிடங்கு தள்ளு’. அதன் இடத்துக்கு வரப்போவது ‘கிடங்கு காப்பு ஏற்று’.

படி 1: நீக்கத்தான் வேண்டுமா?

முதலில் இதற்குப் பதில் எழுதி வையுங்கள். பேச்சளவில் விடாதீர்கள், இரண்டு வரியாவது எழுத்தில் இருக்கட்டும். நல்ல காரணங்கள் சிலவே. பாதுகாப்பு ஒன்று: அமேசான் கிளவுடின் கமாண்ட்-லைன் கருவியான ஏடபிள்யூஎஸ் சிஎல்ஐ-யில் இருந்த ஈசிஆர் கெட்-லாகின் கட்டளை, பாஸ்வேர்டையே ஆர்குமெண்டாக வைத்த ஒரு டாக்கர் (மென்பொருளைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் கருவி) லாகின் வரியை அச்சிட்டுக் கொடுத்தது. அந்த வரியை ஓட்டினால் அதே கணினியில் உள்ள பிறர் ப்ராசஸ் பட்டியலில் பாஸ்வேர்டைப் பார்க்க வழி உண்டு. இரண்டாம் பதிப்பில் அது இல்லை. கெட்-லாகின்-பாஸ்வேர்ட் என்ற புதிய கட்டளை பாஸ்வேர்டை மட்டும் வெளியிடுகிறது, அதைப் பைப் வழியாக டாக்கருக்குக் கொடுக்கிறோம். அடித்தளமே போய்விடுவது இன்னொரு காரணம்: பல கண்டெய்னர்களை ஒன்றாக இயக்கும், பைத்தானில் எழுதிய முதல் டாக்கர்-கம்போஸ், கோ மொழியில் எழுதிய இரண்டாம் பதிப்புக்கு வழிவிட்டு 2023 ஜூலையோடு அப்டேட் பெறுவதை நிறுத்தியது.

‘பெயர் அழகாக இல்லை’ என்பது போதுமான காரணம் இல்லை. அதற்கு மென்மையான வழிகள் உண்டு. 2017-ல் வந்த டாக்கர் 1.13 கட்டளைகளை எல்லாம் கண்டெய்னர், இமேஜ் என்று குழுவாகப் பிரித்து அடுக்கியது. ஆனாலும் டாக்கர் பிஎஸ் போன்ற பழையவை இன்றும் ஓடுகின்றன. உதவிப் பட்டியலில் அவற்றைப் பார்க்க விரும்பாதவர்கள் ஒரு சூழல் மாறியை வைத்து மறைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். கோட் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட்டும் அதே வழியில் போனது. செக்அவுட் ஒரே கட்டளையாக இருந்துகொண்டு கிளை மாற்றும் வேலையையும் கோப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வேலையையும் செய்வது குழப்பம் என்று, 2019 ஆகஸ்டில் 2.23 பதிப்பில் ஸ்விட்ச், ரீஸ்டோர் இரண்டையும் சேர்த்தார்கள். செக்அவுட்டைத் தொடவில்லை. கோடி விரல்கள் பழகிய கட்டளையை இப்படி விட்டுவைப்பதே பல சமயம் சரியான முடிவு. பராமரிக்கும் செலவு சில வரி கோட்தான் என்றால் மறைத்துவிட்டு நகருங்கள்.

படி 2: எது எதெல்லாம் சேர்ந்து போகிறது என்று கணக்கெடுங்கள்

‘தள்ளு’ என்ற ஒரு சொல்லை நீக்குகிறோம் என்று நினைப்போம், ஆனால் அதோடு தொங்கிக்கொண்டிருப்பவை ஏராளம். அதன் மாற்றுப்பெயர்கள், நீள ஃபிளாக்குகள், ஒற்றை எழுத்து ஃபிளாக்குகள், ஒவ்வொன்றின் இயல்பு மதிப்பு, வெளியீட்டின் வடிவம், எக்ஸிட் கோட் (முடியும்போது வெற்றியா தோல்வியா என்று தரும் எண்), அது படிக்கும் சூழல் மாறிகள், கான்ஃபிக் கோப்பில் அதற்கென்று உள்ள பகுதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி என்று அட்டவணை போடுங்கள்: பழையது, புதியது, நடத்தையில் வேறுபாடு. மூன்றாவது நெடுவரிசைதான் முக்கியம். அங்கே ‘வேறுபாடு இல்லை’ என்று எழுத முடியாத ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவருடைய ஸ்கிரிப்டை உடைக்கும்.

கம்போஸ் மாற்றத்தில் கடித்ததே அப்படி ஒரு வரிதான். ஹைஃபனுக்குப் பதில் இடைவெளி என்பது எல்லோர் கண்ணிலும் பட்டது. ஆனால் முதல் பதிப்பு உருவாக்கிய கண்டெய்னர்களின் பெயரில் அண்டர்ஸ்கோர் இருந்தது, இரண்டாம் பதிப்பில் அது ஹைஃபன் ஆனது. பெயரை நேரடியாக எழுதிவைத்த ஸ்கிரிப்டுகளுக்கு, கட்டளையைத் திருத்திய பிறகும் கண்டெய்னர் கிடைக்கவில்லை. பழைய பெயர் வடிவம் வேண்டுவோருக்காகவே கம்பாட்டிபிலிட்டி என்று ஒரு ஃபிளாக் கொடுக்க வேண்டியிருந்தது.

படி 3: யார் பயன்படுத்துகிறார்கள்?

உங்கள் சொந்த வீட்டிலிருந்து தொடங்குங்கள். கருவியின் ரெப்போ, ஆவணங்கள், நிறுவல் ஸ்கிரிப்ட், டாக்கர்ஃபைல், சிஐ (கோட் மாறும்போதெல்லாம் தானாகச் சோதிக்கும் அமைப்பு) மாதிரிகள், சோதனைகள் எல்லாவற்றிலும் பழைய கட்டளையைத் தேடி, அங்கே முதலில் மாற்றுங்கள். உங்கள் ஆவணமே பழையதைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தால் எச்சரிக்கைக்கு மதிப்பு இல்லை. அடுத்து பொது ரெப்போக்களில் கோட் தேடல். அங்கே கிடைக்கும் எண்ணிக்கையை நம்பாதீர்கள், பயன்பாட்டின் வகையை மட்டும் பாருங்கள். நிறுவனங்களுக்குள் இருக்கும் ஸ்கிரிப்டுகள் வெளியே தெரியாது.

பயனர் ஒப்புதலோடு பயன்பாட்டுக் கணக்கு சேகரிக்கும் கருவி என்றால் அதைப் பாருங்கள். அது இல்லாத கருவிகளுக்குக் கிட் ஒரு நேர்மையான வழி வைத்திருக்கிறது. நீக்க நினைக்கும் கட்டளையை அழைத்தால் அது ஓடாமல் நிற்கும். இன்னும் இதைப் பயன்படுத்துகிறீர்களா, எங்களுக்கு எழுதுங்கள் என்று கேட்கும். உடனே வேலை நடக்க வேண்டும் என்றால் ‘நான் இன்னும் பயன்படுத்துகிறேன்’ என்ற பொருளில் உள்ள நீளமான ஃபிளாக்கைச் சேர்த்து ஓட்டலாம். பேக்-ரிடண்டண்ட் கட்டளைக்கு 2020-ல் செய்தியை மட்டும் காட்டத் தொடங்கி, 2023-ல் ஃபிளாக் இல்லாமல் ஓடாதபடி நிறுத்தினார்கள். 2025-ல் வந்த 2.51 பதிப்பில் வாட்சேஞ்ச்டு கட்டளைக்கும் அதையே செய்தார்கள். அந்தக் கட்டளையின் வேலையைக் கிட் லாக் ஒரு ஃபிளாக்கோடு நன்றாகவே செய்கிறது. இந்த வழி அரிதாகப் பயன்படும் கட்டளைக்கு மட்டுமே பொருந்தும். தினமும் ஆயிரம் சர்வரில் ஓடும் ‘தள்ளு’வை இப்படி நிறுத்தினால் மறுநாள் காலை காப்பே இருக்காது.

படி 4: புதியது முதலில் வரட்டும், எச்சரிக்கை பிறகு

இந்த வரிசையில்தான் பலர் தவறுகிறார்கள். புதிய கட்டளையும் எச்சரிக்கையும் ஒரே ரிலீஸில் வந்தால், பயனர் என்ன செய்வார்? அவரிடம் டெபியன் 11 ஓடும் சர்வர் பத்து, டெபியன் 12 ஓடுவது பத்து இருக்கிறது என்று வையுங்கள். இரண்டிலும் ஒரே ஸ்கிரிப்ட். புதிய சர்வர் ‘இதை மாற்று’ என்கிறது. மாற்றினால் பழைய சர்வரில் ‘ஏற்று’ என்ற கட்டளையே இல்லை. அவர் மாற்ற மாட்டார். எச்சரிக்கையை அடக்கிவிட்டு மறந்துவிடுவார். பிறகு உங்கள் எச்சரிக்கை அவரை எட்டவே எட்டாது.

விதி இதுதான்: உங்கள் பயனர்கள் இன்று பரவலாக வைத்திருக்கும் மிகப் பழைய பதிப்பிலும் புதிய கட்டளை இருக்க வேண்டும். அதன் பிறகே எச்சரிக்கையைத் தொடங்க வேண்டும். டெபியனும் உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒன்று வருகின்றன என்பதை மனதில் வையுங்கள். காத்திருக்க முடியாது என்றால் புதிய கட்டளையைப் பழைய பதிப்புக் கிளைக்கும் கொண்டுபோங்கள். ஏடபிள்யூஎஸ் அதைத்தான் செய்தது. கெட்-லாகின்-பாஸ்வேர்ட் இரண்டாம் பதிப்பில் மட்டுமல்ல, முதல் பதிப்பின் 1.17.10-லிருந்தும் கிடைத்தது. ஸ்கிரிப்டை முதலில் மாற்றிவிட்டு, கருவியைப் பிறகு மாற்ற முடிந்தது.

உள்ளே பழைய கட்டளை ஒரு மெல்லிய உறையாக மட்டும் இருக்கட்டும்: ஆர்குமெண்டுகளைப் புது வடிவத்துக்கு மாற்றி, புதியது அழைக்கும் அதே ஃபங்ஷனை அழைக்க வேண்டும். இரண்டு தனித்தனி கோட் இருந்தால், ஆறு மாதத்தில் ஒன்றில் சரிசெய்த பிழை மற்றொன்றில் அப்படியே இருக்கும். இயல்பு மதிப்புகளில் கவனம். ‘தள்ளு’ இயல்பாகக் கோப்புகளைச் சுருக்காமல் அனுப்பியது, ‘ஏற்று’ இயல்பாகச் சுருக்குகிறது என்றால், உறை ‘சுருக்காதே’ என்று வெளிப்படையாகச் சொல்லி அழைக்க வேண்டும். பெயர் மாற்றத்தோடு நடத்தை மாற்றத்தை ஒளித்துக் கொண்டுவருவது பயனரை ஏமாற்றுவதுதான்.

படி 5: காலவரிசை

பல சர்வர்களில் கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னட்டீஸ் தன் கொள்கையில் இதை எழுதியே வைத்திருக்கிறது. நிலைபெற்ற கமாண்ட்-லைன் அம்சம் எதுவும், நீக்கப்போவதாக அறிவித்த பிறகு, 12 மாதம் அல்லது 2 ரிலீஸ், இதில் எது நீளமோ அதுவரை வேலை செய்ய வேண்டும். பீட்டா நிலையில் உள்ளதற்கு 3 மாதம் அல்லது 1 ரிலீஸ். ஆல்ஃபாவுக்கு அவகாசமே கிடையாது. அறிவித்த அம்சம் பயன்படும்போது எச்சரிக்கை கட்டாயம். உங்களிடம் கொள்கை இல்லை என்றால் இதையே அடிப்படையாக எடுத்துக்கொள்ளலாம். பதிப்பு எண் இடும் விதிமுறையான செமாண்டிக் வெர்ஷனிங் சொல்வதும் இதோடு ஒத்துப்போகும்: பெரிய பதிப்பில் நீக்குவதற்கு முன், அறிவிப்போடு ஒரு சிறு பதிப்பாவது வெளிவந்திருக்க வேண்டும்.

கிடங்குக்கு இப்படிப் போடலாம். 3.2-ல் புதிய கட்டளை. 3.3-ல் ஆவணமும் உதவிப் பட்டியலும் புதியதற்கு மாறும், பழையது மறைந்து ஓடும். 3.5-ல் எச்சரிக்கை. 4.0-ல் பழையது ஓடாது, எரர் மட்டும். 5.0-ல் சுவடே இல்லை. மேக்கில் மென்பொருள் நிறுவும் ஹோம்ப்ரூ இதே மாதிரி எச்சரிக்கை, முடக்கம், நீக்கம் என்று மூன்று கட்டமாகத்தான் நகர்கிறது. ப்ரூ காஸ்க் இன்ஸ்டால் என்று இருந்தது ப்ரூ இன்ஸ்டாலோடு காஸ்க் ஃபிளாக் என்று மாறியதும் இந்தப் பாதையில்தான்.

அறிவிப்பில் பதிப்பு எண்ணையும் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘எதிர்காலத்தில் நீக்கப்படும்’ என்பதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். மென்பொருள் மூலங்களின் சாவிகளை நிர்வகிக்கும் ஆப்ட்-கீ கட்டளையின் கையேட்டுப் பக்கம், டெபியன் 11, உபுண்டு 22.04 இரண்டும்தான் இது கிடைக்கும் கடைசி வெளியீடுகள் என்று பெயர் சொல்லி எழுதியது. அந்தத் தெளிவு வேண்டும்.

படி 6: எச்சரிக்கை வரி

முழு வேலையிலும் அதிக நேரம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான். இப்படி இருக்கட்டும்:

எச்சரிக்கை கிட-014: ‘கிடங்கு தள்ளு’ 4.0 பதிப்பில் இயங்காது. இனி: கிடங்கு காப்பு ஏற்று --இலக்கு நகல்2 --சுருக்காதே /தரவு/கணக்கு

இதில் ஐந்து விஷயம் இருக்கிறது. ஒரே வரி, அதனால் பதிவுக் கோப்பில் தேடினால் முழுதாகக் கிடைக்கும். மாறாத ஒரு குறியீடு, அதனால் கருவி எந்த மொழியில் பேசினாலும் அந்த எண்ணை வைத்துத் தேடலாம். எந்தப் பதிப்பில் நிற்கும் என்ற தகவல். பயனர் கொடுத்த அதே இலக்கும் அதே பாதையும் வைத்து எழுதிய மாற்று வரி, நகலெடுத்து ஒட்டினால் போதும். ஐந்தாவது, இயல்பு மதிப்பு வேறுபாட்டை ஈடுசெய்யும் ‘சுருக்காதே’ ஃபிளாக். இதை விட்டால் மாற்று வரி பொய் சொல்கிறது.

மாற்று வரியைக் கட்டும்போது இரண்டு இடத்தில் சறுக்கும். இடைவெளியோ மேற்கோள்குறியோ உள்ள கோப்புப் பெயரைச் சரியாக மேற்கோளிட்டுக் காட்டுங்கள். இல்லாவிட்டால் ஒட்டியவுடன் வேறு கோப்பைத் தொடும். டோக்கன், பாஸ்வேர்ட் போன்ற மதிப்பு ஆர்குமெண்டில் வந்திருந்தால் அதைத் திரும்ப அச்சிடாதீர்கள். சிஐ பதிவுகளைப் பலர் படிக்கிறார்கள், சில பொதுவெளியிலும் கிடக்கின்றன. நட்சத்திரக் குறி போட்டு மறையுங்கள்.

எச்சரிக்கை போக வேண்டிய இடம் ஸ்டாண்டர்ட் எரர், அதாவது எரர் பக்கம். ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் ஒரு எழுத்து கலந்தாலும், அதை ஜேசனாகப் படிக்கும் அடுத்த கருவி உடைந்துவிடும். ஆனால் ஸ்டாண்டர்ட் எரரில் போட்டால் எல்லாம் நலம் என்று நினைக்க வேண்டாம். இரண்டையும் ஒன்றாக்கிப் பிடிக்கும் ஸ்கிரிப்டுகள் ஏராளம். டிக்ல் மொழியின் எக்ஸெக், எரர் பக்கம் எதையாவது கண்டாலே தோல்வி என்று எடுத்துக்கொள்ளும். அஸூர் பைப்லைனில் எரர் வெளியீடு இருந்தால் தோற்கச் செய் என்று ஒரு அமைப்பு உண்டு. குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலை எந்த வெளியீட்டையும் மின்னஞ்சலாக அனுப்பும். அதனால் எச்சரிக்கையை அடக்கும் சூழல் மாறி ஒன்று முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். எல்லா எச்சரிக்கையையும் ஒட்டுமொத்தமாக அடக்கும் மாறி வேண்டாம். கிட-014 என்ற குறியீட்டைக் கொடுத்தால் அந்த ஒன்று மட்டும் அடங்கட்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு வரும் கிட-021 அவர் கண்ணில் படாது.

டெர்மினல் இல்லாத இடத்தில் எச்சரிக்கையை விட்டுவிடலாமா? இல்லை. அங்கேதான் ஸ்கிரிப்டுகள் இருக்கின்றன. நிறத்தை மட்டும் விடுங்கள். ஒரு இயக்கத்துக்கு ஒரு முறை மட்டும் காட்டுங்கள். கருவியைக் கோப்புக்கு ஒரு முறை அழைக்கும் ஸ்கிரிப்ட் 10,000 கோப்புக்கு 10,000 வரி கொட்டும் என்றால், நாளுக்கு ஒரு முறை என்று ஒரு சிறு முத்திரைக் கோப்பால் கட்டுப்படுத்தலாம். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கும் சிஐ கண்டெய்னருக்குள் அந்தக் கோப்பு இருக்காது. அங்கே எப்போதும் தெரியும், அதுவும் நல்லதுதான்.

எச்சரிக்கைக் கட்டத்தில் எக்ஸிட் கோட் மாறவே கூடாது. நேற்று 0 தந்தது இன்றும் 0 தர வேண்டும்.

எச்சரிக்கையைப் பார்ப்பவர் எப்போதும் திருத்தக்கூடியவராக இருக்க மாட்டார். ஆப்ட்-கீ எச்சரிக்கையை ஆண்டுக்கணக்கில் பார்த்தவர்களில் பலர், ஏதோ ஒரு மென்பொருளின் நிறுவல் குறிப்பிலிருந்து வரியை நகலெடுத்து ஒட்டியவர்கள். குறிப்பை எழுதியவர் வேறு ஒருவர். உங்கள் கட்டளையைத் தங்கள் குறிப்பில் வைத்திருக்கும் திட்டங்களைப் படி 3-ல் கண்டீர்கள் அல்லவா, அவர்களுக்கு நேரடியாகத் திருத்தம் அனுப்புங்கள். பத்து திருத்தம் ஆயிரம் எச்சரிக்கையை மிச்சப்படுத்தும்.

படி 7: கோடில் எழுதுவது

கோ மொழியில் கோப்ரா நூலகம் என்றால், கட்டளையின் டெப்ரிகேட்டட் புலத்தில் செய்தியை எழுதினால் போதும். கட்டளை ஓடும், செய்தி வரும், உதவிப் பட்டியலிலிருந்தும் தானாக நிரப்பும் பட்டியலிலிருந்தும் மறையும். ஒரு கண்ணி உண்டு. அந்தச் செய்தி இயல்பாக ஸ்டாண்டர்ட் எரருக்குப் போகும், ஆனால் நீங்கள் செட்அவுட் அழைத்து வெளியீட்டை ஸ்டாண்டர்ட் அவுட்புட்டுக்குத் திருப்பியிருந்தால் செய்தியும் அங்கேயே போய் விழும். ஜேசன் கெட்டுப்போகும். அப்படிப்பட்ட கருவியில் புலத்தை நம்பாமல், மறைப்பு அமைப்பை மட்டும் வைத்து, எச்சரிக்கையை நீங்களே எரர் பக்கம் எழுதுங்கள்.

பைத்தானில் வேறு கண்ணி. வார்னிங்ஸ் மாட்யூலில் டெப்ரிகேஷன்வார்னிங் எழுப்பினால், பைத்தான் அதை இயல்பாகவே அடக்கிவிடும். நேரடியாக ஓட்டும் முதன்மைக் கோப்பில் எழும்போது மட்டும்தான் காட்டும். பிப் வழியாக நிறுவிய கருவியில் முதன்மைக் கோப்பு என்பது நாலு வரி உறைதான், உங்கள் மாட்யூல் அல்ல. அதனால் சோதனையில் தெரிந்த எச்சரிக்கை பயனருக்குத் தெரியவே தெரியாது. அந்த வகை கோட் எழுதுவோருக்கானது. கட்டளை பயன்படுத்துவோருக்கு நேரடியாக எரர் பக்கம் அச்சிடுங்கள். கிளிக் நூலகம் டெப்ரிகேட்டட் அமைப்புக்கு அப்படித்தான் செய்கிறது. பைத்தானோடு வரும் ஆர்க்பார்ஸில் இதே பெயரில் அமைப்பு பைத்தான் 3.13 முதல் கிடைக்கிறது. ரஸ்டின் கிளாப்பில் மாற்றுப்பெயர் கொடுத்தால் அது உதவியில் தெரியாது, வேலை செய்யும். கிடங்கின் 3.3 கட்டத்துக்கு அது போதும்.

ஆர்க்பார்ஸ் பயன்படுத்துவோர் அவசியம் பார்க்க வேண்டியது ஒன்று: சுருக்கப் பொருத்தம். ஃபிளாக்கின் முதல் சில எழுத்துகளைக் கொடுத்தாலே முழு ஃபிளாக்கை அது ஊகிக்கும், இது இயல்பாகவே செயலில் இருக்கும். கிடங்கில் தற்காலிகக் கோப்புகளை நீக்க --அழி என்று ஒரு ஃபிளாக், எல்லாக் காப்பையும் நீக்க --அழி-எல்லாம் என்று இன்னொன்று இருக்கிறது என்று வையுங்கள். --அழி பழையது என்று நீக்குகிறீர்கள். பழைய ஸ்கிரிப்ட் --அழி என்று அழைக்கிறது. ஆர்க்பார்ஸ் எரர் தராது. அந்த எழுத்தில் தொடங்கும் ஒரே ஃபிளாக் --அழி-எல்லாம் என்று பார்த்து அதை ஓட்டிவிடும். காப்பு முழுவதும் போயிற்று. அலவ்-அப்ரீவ் அமைப்பை முதல் பதிப்பிலிருந்தே பொய் என்று வைத்திருந்தால் இந்த ஆபத்து இல்லை. வைக்கவில்லை என்றால், நீக்கும் ஒவ்வொரு ஃபிளாக்கின் பெயரையும் எரர் தரும் ஃபிளாக்காகப் பிடித்து வையுங்கள்.

படி 8: சோதனை

பழைய கட்டளைக்கு நான்கு சோதனை: வெளியீடு புதியதோடு பைட்டுக்குப் பைட் ஒன்றா, எக்ஸிட் கோட் ஒன்றா, எரர் பக்கம் சரியாக ஒரு வரிதானா, அடக்கும் மாறி வேலை செய்கிறதா. இவை தவிர, எல்லா எச்சரிக்கையையும் எரராக மாற்றும் ஒரு கண்டிப்பு அமைப்பு கொடுங்கள். உங்கள் சொந்த சிஐ எப்போதும் அதில் ஓடட்டும். பயனர்களில் கவனமானவர்களும் அதை வைத்துத் தங்கள் ஸ்கிரிப்டுகளை முன்கூட்டியே சோதித்துக்கொள்வார்கள். ஹோம்ப்ரூவில் உருவாக்குநர்களுக்கான சூழல் மாறி இந்த வேலையைச் செய்கிறது.

படி 9: நிறுத்தும் நாள்

4.0-ல் ‘தள்ளு’ ஓடாது, ஆனால் பெயர் இருக்கும். கடை இடம் மாறினால் பழைய கதவில் புது முகவரி ஒட்டிவைப்போம் அல்லவா, அதுபோல. ‘அறியாத கட்டளை’ என்ற எரர் கருவியே கெட்டுவிட்டதாகக் காட்டும். அதே மாற்று வரியோடு வரும் எரர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று காட்டும். எக்ஸிட் கோட் பூஜ்யம் ஆகக்கூடாது. 126, 127, 128-க்கு மேல் உள்ளவை ஷெல்லின் சொந்தப் பயன்பாட்டில் இருப்பதால் அவற்றை விட்டு வேறு எண் எடுத்து ஆவணத்தில் எழுதுங்கள்.

எக்ஸிட் கோட் சரியாக இருந்தும் தோல்வி தெரியாமல் போகும் இடம் பைப். ‘கிடங்கு தள்ளு’ வெளியீட்டை டீ கட்டளைக்கு அனுப்பிப் பதிவுக் கோப்பில் சேர்க்கும் ஸ்கிரிப்டில், ஷெல் பார்ப்பது கடைசியில் உள்ள டீயின் எக்ஸிட் கோடை. அது 0. பைப்பில் எது தோற்றாலும் தோல்வி என்று காட்டும் பைப்ஃபெயில் அமைப்பை வைக்காத ஸ்கிரிப்ட் ‘முடிந்தது’ என்று எழுதிவிட்டுப் போகும். வாரக்கணக்கில் காப்பே எடுக்காமல் இருந்தாலும் யாருக்கும் தெரியாது. தரவோடு விளையாடும் கருவி என்றால் நிறுத்துவதற்கு முந்தைய ரிலீஸிலேயே, கடைசிக் காப்பு எப்போது எடுத்தது என்று காட்டி, குறித்த நாளைத் தாண்டினால் தோற்கும் தனிக் கட்டளை ஒன்று கொடுங்கள். கண்காணிப்பு அதைப் பார்க்கட்டும்.

நீக்கிய பெயருக்கு வேறு பொருள் கொடுக்கும் ஆசையை அடக்குங்கள். குபர்னட்டீஸில் ரன் கட்டளை ஒரு காலத்தில் இயல்பாக டெப்ளாய்மெண்ட் (பாட்களை நிர்வகிக்கும் அமைப்பு) உருவாக்கியது. 2020-ல் வந்த 1.18 முதல் பாட் (கண்டெய்னர் ஓடும் சிறிய அலகு) மட்டும்தான் உருவாக்கும். முன்பே அறிவித்துத்தான் செய்தார்கள். ஆனாலும் பழைய பயிற்சிக் குறிப்பைப் பார்த்து அடித்தவருக்கு எரர் வராது, வேறு ஒன்று உருவாகும். எரர் வந்திருந்தால் அவர் அங்கேயே நின்று யோசித்திருப்பார்.

நாள் நெருங்கும்போது பயன்பாடு குறையவில்லை என்று தெரிந்தால் தள்ளிப்போடுங்கள். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் செட்-அவுட்புட் கட்டளையை 2023 மே 31-ல் நிறுத்துவதாக 2022 அக்டோபரில் அறிவித்தார்கள். இன்னும் நிறையப் பேர் பயன்படுத்துவது கணக்கில் தெரிந்ததும் தள்ளிவைத்தார்கள். அது சரியான முடிவு. தள்ளும்போது எச்சரிக்கை வரியில் உள்ள பதிப்பு எண்ணையும் அதே ரிலீஸில் மாற்றிவிடுங்கள். கடந்துபோன தேதியைக் காட்டும் எச்சரிக்கையைப் பார்த்தவர், அடுத்த முறை நீங்கள் சொல்லும் தேதியையும் நம்ப மாட்டார்.

படி 10: சுவடு நீக்குதல்

5.0-ல் உறை கோட், அதன் சோதனைகள், கான்ஃபிக் பகுதி, மொழிபெயர்ப்பு வரிகள், நிரப்பும் ஸ்கிரிப்டில் உள்ள குறிப்பு எல்லாம் ஒரே கமிட்டில் போகட்டும், திரும்பக் கொண்டுவர வேண்டி வந்தால் எளிது. கிட-014 பற்றிய ஆவணப் பக்கத்தை மட்டும் நீக்காதீர்கள். பழைய பதிப்பில் இன்னும் ஓடும் சர்வர் ஒன்று அந்தக் குறியீட்டைக் காட்டும்போது, தேடி வருபவருக்கு அந்த அட்டவணை கிடைக்க வேண்டும்.